தனியாக ராமேஸ்வரம்: காரைக்குடியிலிருந்து கடலுக்காகப் போகிற பெண்ணுக்கு

கேள்வி இதுதான். காரைக்குடியில் வேலை பார்க்கும் 27 வயதுப் பெண் கேட்டிருக்கிறார்: "மூன்று நாள் லீவு கிடைத்திருக்கிறது. தனியாக ஒரு கடற்கரை ஊருக்குப் போக ஆசை. கோவாவும் வர்க்கலாவும் தூரம். ராமேஸ்வரம் இப்போது பீச் டவுனாக வளர்ந்துவிட்டது, கைட் சர்ஃபிங்கெல்லாம் (பெரிய பட்டம் இழுக்க, பலகைமேல் நின்று தண்ணீரில் போகிற விளையாட்டு) நடக்கிறது என்கிறார்கள். நம்பிப் போகலாமா டீச்சர்? அப்பத்தாவோ, 'கோயிலுக்குன்னா குடும்பத்தோட போகணும், தனியாப் போறதுக்கு அங்க என்ன இருக்கு' என்கிறார்."

போகலாம். தாராளமாகப் போகலாம். ஆனால் வர்க்கலாவை மனதில் வைத்துக்கொண்டு போனால் முதல் நாள் சாயங்காலமே முகம் வாடிப்போகும். ராமேஸ்வரம் முதலில் யாத்திரை ஊர், அடுத்து மீன்பிடி ஊர், அதற்கும் அப்புறம்தான் கடற்கரைச் சுற்றுலா ஊர். 2011 கணக்கெடுப்பில் 45 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள்தொகை கொண்ட நகராட்சி அது. அமாவாசை வந்தால் அந்தச் சின்ன ஊர் தாங்க முடியாத கூட்டம் வந்து இறங்கும். அங்கே தனியாகப் போகிற பெண்ணுக்குத் தொல்லை கொடுப்பவை மூன்று: ரூம், காற்று, பொழுது. மனிதர்களால் வருகிற தொல்லை இந்த மூன்றையும்விடக் குறைவு.

நான் தேவகோட்டைக்காரி. கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். மாணவிகளைக் கடல் உயிரினம் காட்ட மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் அழைத்துப்போன வேலை அது. ஓய்வுக்குப் பிறகு மாணவிகள் இல்லாமலும் போய்வருகிறேன். அதனால் கோயில் பக்கம் என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருப்பார்கள். கடல் பக்கம் நான் சொல்வதைக் கேட்கலாம்.

முதலில் ரூம். கோயில் ஊர்களில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: தனி ஆளுக்கு அறை கிடையாது. ஆணாக இருந்தாலும் இதே கதைதான். தனியாக வந்து அறையெடுத்தவர் ஏதாவது செய்துகொண்டால் போலீஸ், விசாரணை என்று அலைய வேண்டுமே என்ற பயம் லாட்ஜ்காரர்களுக்கு. பெண் என்றால் மேலும் நாலு கேள்வி கேட்பார்கள். யாத்திரிகர் விடுதிகளிலும் இதே தயக்கம் உண்டு. ராமேஸ்வரத்தில் நகரத்தார் விடுதி இருக்கிறது. நீங்கள் நகரத்தார் வீட்டுப் பெண் என்றால் ஊரிலிருந்தே பெரியவர் யாரையாவது பேசச் சொல்லி, தனியாக வருகிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லி வையுங்கள். போய் நின்று கேட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள்.

இணையத்தில் பணம் கட்டி முன்பதிவு செய்தாலும் சில இடங்களில் வாசலில் வைத்து "ஃபேமிலிக்கு மட்டும்தான்" என்று கையை விரிப்பார்கள். ஆகவே பதிவு செய்த கையோடு அந்த விடுதிக்கே போன் போட்டு, "ஒரே ஆள், பெண், ஆதார் இருக்கிறது, இத்தனை மணிக்கு வருவேன்" என்று சொல்லி ஒப்புக்கொள்ள வையுங்கள். ஒப்புக்கொண்டதை வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் நல்லது. இந்தச் சிக்கலே வேண்டாம் என்றால் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் கடலோரத்தில் இருக்கிறது. இல்லாவிட்டால் வெளிநாட்டுப் பயணிகள் வந்து தங்குகிற வகையான ஹோட்டலாகப் பாருங்கள். தனி ஆள் அவர்களுக்குப் புதிதில்லை.

எந்த இடத்தில் எடுப்பது? விளம்பரப் படத்தில் நீலக் கடலும் தென்னையும் காட்டுகிற ரிசார்ட்டுகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருக்கின்றன. கார் வைத்திருப்பவர்களுக்கு அது சரி. தனியாக, பஸ்ஸையும் ஆட்டோவையும் நம்பிப் போகிறவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எடுப்பதே உத்தமம். காரணம் எளிது: அந்தத் தெருக்கள் தூங்குவதே இல்லை. அதிகாலை நாலு மணிக்கு, கோயிலுக்கு எதிரே கடலில் இருக்கிற அக்னி தீர்த்தத்துக்குக் குடும்பம் குடும்பமாக நடந்துகொண்டிருப்பார்கள். டீக்கடை திறந்திருக்கும், பூக்காரம்மா உட்கார்ந்திருப்பார். இரவு பத்து மணிக்கு நம் காரைக்குடி செக்காலை ரோட்டில் நடப்பதைவிட விடிகாலை நாலுக்கு அங்கே நடப்பது எனக்குத் தைரியமாக இருக்கும்.

போகிற வழிக்கு வருவோம். காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர். பஸ் தேவகோட்டை, ராஜசிங்கமங்கலம், தேவிபட்டினம், ராமநாதபுரம் வழியாகப் போகும். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பேர் வாங்கிய ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் வழியில்தான் வரும். தண்ணீர் இருக்கிற மாதமானால் ஜன்னலோரம் உட்காருங்கள். ஆனாலும் முதல்முறை என்றால் நான் ரயிலைத்தான் சொல்வேன். சென்னையிலிருந்து வரும் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸும் சேது எக்ஸ்பிரஸும் நள்ளிரவுக்கு மேல்தான் காரைக்குடியைத் தொடும். சேதுவில் ஏறினால் விடிவதற்கு முன்பே ராமேஸ்வரத்தில் இறக்கிவிட்டுவிடும். ரூமில் அந்நேரத்துக்கு உள்ளே விடமாட்டார்கள், பையோடு திண்டாட வேண்டும். காலையில் திருச்சியிலிருந்து வருகிற பகல் வண்டிதான் உங்களுக்கு. மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டி மதியவாக்கில் போய்ச் சேரும். பாலத்தை வெளிச்சத்தில் பார்க்கலாம்.

பாலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் நடுவே இருந்த தூக்குப் பகுதி இரண்டு இறக்கைகளாகப் பிரிந்து மேலே எழுந்தது. அதை ஆட்கள் நின்று கையால் நெம்பித் திறந்தார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கும் மேலாகத் தீவுக்கு ரயிலே இல்லை. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்தது. இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம் நீளம். நடுவில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே நெட்டுக்குத்தாக மேலே ஏறும், கீழே கப்பலும் படகும் போகும். இந்தியாவில் கடல்மேல் இப்படிச் செங்குத்தாகத் தூக்குகிற ரயில் பாலம் இதுதான் முதல். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது, வண்டி கரையிலேயே நிற்கும். காற்றுக் காலத்தில் போனால் திரும்பி வருகிற அன்றே ஆபீஸில் முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்திலேயே 1988இல் திறந்த சாலைப் பாலம் இருக்கிறது. பஸ்ஸும் காரும் அதில்தான் போகும்.

அப்பத்தாவுக்குச் சொல்ல இந்த ரயிலிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1914 முதல் 1964 வரை போட் மெயில் ஓடிய காலத்தில் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அப்புறம் மறுபடி கொழும்புக்கு ரயில். நம் பக்கத்துப் பையன்கள் மீசை முளைக்காத வயதில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் தொழில் பழகும் சின்னப் பையனாக, கடல் தாண்டிக் கொண்டுவிக்கப் போன பாதைகளில் இது ஒன்று. அவர்களை அனுப்பி வைத்ததும் இதே மாதிரி அப்பத்தாக்கள்தான். 'அவங்க ஆம்பிளைங்க' என்பார் உங்கள் அப்பத்தா. அதற்கு உங்கள் பதில் உங்கள் சம்பளச் சீட்டில் இருக்கிறது, நான் நடுவில் வரவில்லை.

இப்போது கடல். ராமேஸ்வரம் தீவின் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அலை குறைவான வடக்குப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், ஆர்ப்பரிக்கிற தெற்குப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். சுற்றுலா வருகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு, வடக்குப் பக்கம் எப்போதும் பத்திரம், தெற்குப் பக்கம் எப்போதும் ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. வாடைக்காற்று வீசுகிற மார்கழி வாக்கில் வடக்குக் கடல் கலங்கிக் குமுறும், தெற்குக் கடல் அமைதியாகப் படுத்துக்கிடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் நிலைமை தலைகீழ். எந்த மாதம் போகிறீர்களோ அந்த மாதத்துக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அதற்கு மறுபக்கக் கரைக்குப் போவதுதான் தீவில் வசிப்பவர்களின் கணக்கு. கைட் சர்ஃபிங் சொல்லிக்கொடுப்பவர்கள் வருஷத்தில் இரண்டு பருவம் வைத்து நடத்துவதும் இந்த இரண்டு காற்றையும் நம்பித்தான். ஒரு பக்கம் காற்றும், ஆழமில்லாத தட்டைத் தண்ணீரும் சேர்ந்து கிடைப்பது சுலபமில்லை. அது இங்கே வாய்த்திருக்கிறது. தனியாகப் போகிறவருக்கு இது நல்ல பொழுது: பயிற்சியாளர் கூடவே இருப்பார், நாலு பேர் பழக்கமாவார்கள். ஒரே நாளில் பலகைமேல் நின்றுவிடலாம் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மூன்று நாளும் அதற்கே போய்விடும். அதற்குப் பதில் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு ஓட்டலாம், அரை நாள் போதும்.

நீச்சல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் தனுஷ்கோடியில் கடலில் இறங்காதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை. இரண்டு கடலும் உரசுகிற முனை அது. மேலே பார்க்கச் சாதுவாக இருக்கும், அடியில் இழுவை ஓடும், கால் வைக்கிற மணலே நகரும். தனியாக நிற்கிறவரை இழுத்தால் கூப்பிடக்கூட ஆள் இருக்காது. குளிக்க வேண்டுமென்றால் அக்னி தீர்த்தம், அங்கே பெரும்பாலும் அலை இருக்காது. ஆனால் அது நீச்சலடிக்கிற இடமல்ல. பிதுர்காரியம் செய்கிற குடும்பங்கள், கரைக்கிற பிண்டம், விட்டுப்போகிற துணி எல்லாம் அங்கே உண்டு. சுடிதாரோ சேலையோ கட்டித்தான் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் ஊரே பார்க்கும். நிம்மதியாகக் கடலில் கிடக்க வேண்டும் என்றால் தீவுக்குள் நுழைவதற்கு முன்பே, ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் அரியமான் கடற்கரை இருக்கிறது. சவுக்குத் தோப்பு, ஆழமில்லாத தண்ணீர், சனி ஞாயிறில் குடும்பக் கூட்டம். வார நாளில் போனால் அநேகமாகக் காலி. காலி என்பது தனியாகப் போகிறவருக்கு நல்லதும் கெட்டதும். அதனால் காலைப் பொழுதாகப் பார்த்துப் போங்கள்.

விலங்கியல் டீச்சர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆழமில்லாத மணல் தரையில் நடக்கும்போது காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள். மணலுக்குள் திருக்கை புதைந்து கிடக்கும். அதிர்வு தெரிந்தால் அதுவாக விலகிப்போகும், மிதித்தால் வால் முள்ளால் குத்தும். சொறி என்கிற ஜெல்லி மீன் கரையில் ஒதுங்கிக் கிடந்தால் அன்றைக்குக் குளியலை விட்டுவிடுங்கள். செத்ததுகூட அரிக்கும்.

தனுஷ்கோடிக்குப் போகாமல் வரமாட்டீர்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் அந்த ஊர் போனது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. அதன் பிறகு அரசாங்கம் அதை மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது. சர்ச்சின் சுவர்கள், ரயில் நிலையத்தின் மிச்சம், தபால் நிலையம் இன்னும் நிற்கின்றன. சர்ச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அந்தக் கல்லில் பூப்பூவாகத் தெரிவது பவளத்தின் வடிவம். அந்தக் காலத்தில் பவளப் பாறையை வெட்டித்தான் இந்தக் கரையில் கட்டடம் எழுப்பினார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு பளபளக்கிறதே, அதற்கும் கிளிஞ்சலைக் கொடுத்தது கடல்தான். கடல் தெரியாத நம் ஊர் வீடுகளிலும் கடல் இருக்கிறது.

2017 வரை முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கு மேல் மணலில் ஜீப்பும் வேனும்தான், ஆள் சேரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த வருஷம் அரிச்சல்முனை வரை சாலை வந்தது, எல்லாம் மாறியது. இப்போது ராமேஸ்வரத்திலிருந்து அரசு பஸ்ஸே போகிறது. அங்கே தலைமுறையாக இருக்கிற மீனவக் குடும்பங்கள் இப்போது பொரித்த மீனும் இளநீரும் சங்கு மாலையும் விற்கிறார்கள். விடுமுறை நாளில் கார் வரிசை, ஹாரன், பிளாஸ்டிக். வளர்ச்சி என்று சொன்னீர்களே, அது அதிகமாகக் கண்ணில் படுவது இங்கேதான். எனக்கு அதில் மனக்குறை உண்டு. ஆனால் அந்த ரோடு வந்திராவிட்டால் தனியாக ஒரு பெண் அங்கே போய்வர முடிந்திருக்காது என்பதும் உண்மை. வேன்காரர் தயவில் பத்து பேர் நடுவே நசுங்கிப் போவதை நான் உங்களுக்குச் சிபாரிசு செய்திருக்க மாட்டேன்.

பொழுது என்றேனே, அது இதற்குத்தான். பொதுவாக மாலை ஐந்து மணி வாக்கில் சோதனைச் சாவடியில் உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். உள்ளே இருப்பவர்களையும் இருட்டுவதற்குள் கிளப்பிவிடுவார்கள். இலங்கை கூப்பிடு தூரம் என்பதால் கடற்படை, போலீஸ் நடமாட்டமும் அதிகம். போனதும் திரும்புகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டு, அதற்கு முந்தைய பஸ்ஸில் ஏறுங்கள். சூரிய உதயம் பார்க்க அதிகாலையிலேயே ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்பார்கள். வேண்டாம். காலையில் முதல் பஸ்ஸுக்குப் போனாலே வெயில் ஏறுமுன் பார்த்துவிடலாம். முனையில் ஒதுங்க நிழல் கிடையாது. தொப்பி, ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர், மணல் பறந்தால் முகத்தை மூட ஒரு துப்பட்டா. தை, மாசியில் போனால் வழியில் தேங்கிய நீரில் பூநாரைகள் நிற்கும். 2025இல் அவற்றுக்காகவே தனுஷ்கோடியைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். படமெடுக்கத் தண்ணீருக்குள் இறங்கித் துரத்துகிற கூட்டத்தில் நீங்களும் சேராதீர்கள்.

எல்லோரும் தனுஷ்கோடி, கோயில், கலாம் நினைவிடம் மூன்றையும் பார்த்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். தனியாகப் போகிறவருக்கு நேரம் இருக்கிறது, அவசரப்படுத்த ஆளில்லை. அதனால் இரண்டாவது நாளைப் பாம்பன் பக்கம் செலவழியுங்கள். குந்துகால் என்ற தெற்குக் கரையில்தான் 1897 ஜனவரியில் விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பி வந்து இறங்கினார், ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. அங்கிருந்து வனத்துறை குருசடைத் தீவுக்குப் படகு விடுகிறது. மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அது ஒன்று. விலங்கியல் படித்தவர்களுக்குக் குருசடை என்றால் பலனோகிளாசஸ். புழு மாதிரி மணலுக்குள் கிடக்கும், முதுகெலும்பிகளுக்குத் தூரத்துச் சொந்தம். அதைத் தேடி இந்தியா முழுவதிலிருந்தும் மாணவர்கள் வருவார்கள். உங்களுக்குப் புழு வேண்டாம் என்றால் பவளமும் கடல் அட்டையும் தெளிந்த தண்ணீரும் இருக்கவே இருக்கின்றன. காற்று பலமாக இருந்தால் படகு கிடையாது, கெஞ்சிப் பயனில்லை.

பாம்பனுக்குப் பக்கத்தில் சின்னப்பாலம் என்று ஒரு மீனவ ஊர். அங்குள்ள பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறவர்கள். மரிக்கொழுந்துப் பாசி, அகர் என்கிற கூழ்போல் உறையும் பொருளைச் செய்யப் போகும். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணாடி மாட்டி இறங்குவார்கள். பாசி அழிந்துவிடக் கூடாது என்று மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அந்த ஊர் லட்சுமி என்பவருக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. கரையில் அவர்கள் பாசி காயவைக்கும் நேரத்தில் போனால் பேச்சுக் கொடுக்கலாம். கேமராவை நீட்டாமல் முதலில் பேசுங்கள். "தனியாவா வந்த?" என்று கேட்பார்கள். நம் ஊரில் அந்தக் கேள்வியில் ஒரு குத்தல் இருக்கும். அங்கே அது வெறும் விசாரிப்பு, அவ்வளவுதான். தனியாகக் கடலில் இறங்குகிற பெண்கள் அவர்கள்.

கோயிலைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். கடலுக்காகவே போனாலும் அந்த மூன்றாம் பிரகாரத்தில் ஒரு நடை நடக்காமல் வராதீர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள். மதியம் கோயில் நடை சாத்திவிடும் என்பதால் காலையோ மாலையோ போங்கள். உள்ளே 22 தீர்த்தத்திலும் குளிப்பதென்றால் தனி ஆளுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல்: ஈரத்தோடு கிணறு கிணறாக ஓடும்போது பையை யார் பார்ப்பது? குடும்பமாக வருகிறவர்கள் ஒருவரை உட்கார வைத்துவிடுவார்கள். நீங்கள் எதையும் எடுத்துப்போகாமல் ரூமிலிருந்தே கிளம்புங்கள், ரூம் சாவியை முந்தானையிலோ துப்பட்டாவிலோ முடிந்துகொள்ளுங்கள். மொபைலுக்கும் உள்ளே அனுமதி இல்லை. ஈர உடையோடு சன்னிதிக்குள் விடமாட்டார்கள், ரூமுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்துதான் தரிசனம். வழியில் "நானே எல்லாத் தீர்த்தத்துக்கும் கூட்டிப்போகிறேன்" என்று வருபவர்களிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு கவுண்டரில் டிக்கெட் வாங்குங்கள்.

சாப்பாடு. நம் ஊர் நாக்கோடு போனால் ஏமாற்றம்தான். கோயிலைச் சுற்றிச் சைவ ஹோட்டல்கள், வடநாட்டு யாத்திரிகர்களுக்காக ரொட்டி சப்ஜி போடுகிற இடங்கள். பசிக்குப் பழுதில்லை. மீன் வேண்டுமானால் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன்தான், விலையும் ஏறியிருக்கும். வீட்டிலிருந்து ஒரு வேளைக்குப் புளியோதரையும், கொறிக்கத் தேன்குழலும் எடுத்துப்போங்கள். ரயிலில் எதிர்சீட்டு ஆச்சிக்கு இரண்டு நீட்டினால் போதும். ராமேஸ்வரம் வரைக்கும் உங்களுக்குத் துணை கிடைத்துவிட்டது, இறங்கும்போது அவர் வீட்டு போன் நம்பரும் கிடைத்துவிடும்.

நம்பிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெறித்துப் பார்ப்பார்கள், குறிப்பாக ஜீன்ஸும் முதுகுப் பையுமாகத் தனியாக நடந்தால். பார்ப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடும். அதிகம் நடப்பது பணம் பிடுங்குவதுதான். தீவைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று ஒரு தொகை பேசிவிட்டு, பாதி வழியில் "அது தனி, இது தனி" என்று ஏற்றுகிற ஆட்டோக்காரர்கள் உண்டு. எந்தெந்த இடம், எவ்வளவு நேரம் காத்திருப்பது, மொத்தம் எவ்வளவு என்று ஏறுமுன் பேசுங்கள். பேசியதும் வண்டி நம்பர் பிளேட்டைப் படமெடுத்து அவர் கண்ணெதிரிலேயே வீட்டுக்கு அனுப்புங்கள். அதற்கு மேல் அவர் தங்கக் கம்பி. பெண்கள் உதவிக்கு 181, ரயிலில் ஏதாவது என்றால் 139. பீச் டவுன் என்று நினைத்து நீச்சல் உடையில் ஊருக்குள் வருவது, மணலில் உட்கார்ந்து பீர் குடிப்பது இதெல்லாம் அங்கே செல்லாது. இரவு வாழ்க்கை என்று சொல்ல ஒன்றுமில்லை. அது வேண்டுமென்றால் உங்களுக்கான ஊர் பாண்டிச்சேரி.

எப்போது போவது? தை பிறந்ததிலிருந்து பங்குனி முதல் பாதி வரை. வாடை தணிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயல் எச்சரிக்கையும். கார்த்திகை முதல் தைப் பொங்கல் வரை ஐயப்பப் பக்தர்கள் கூட்டம். ஆடி, தை, மகாளய அமாவாசைகளுக்கு முன்னும் பின்னும் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள், ரூம் விலை மூன்று மடங்கானாலும் கிடைக்காது. லீவு போடுவதற்கு முன்னால் காலண்டரில் அமாவாசை எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

திரும்பும்போது பஸ்ஸில் வாருங்கள். நேரம் இருந்தால் தேவிபட்டினத்தில் இறங்கிக் கடலுக்குள் நிற்கிற நவபாஷாணத்தை, நவக்கிரகங்களாக வழிபடுகிற ஒன்பது கற்களை, பார்க்கலாம். இன்னும் வடக்கே, தொண்டிக்குப் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரங்காட்டில் வனத்துறை அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறது. அதை ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள், காலையில் போனால் பறவை பார்க்கலாம். அங்கிருந்து தொண்டி, திருவாடானை, தேவகோட்டை என்று பஸ் மாறி மாறி வீடு வந்து சேரலாம். தேவகோட்டையில் பஸ் மாறும்போது நேரமிருந்தால் சொல்லுங்கள், காபி நான் போட்டுத் தருகிறேன்.

அப்பத்தாவுக்கு மட்டும் அக்னி தீர்த்தக் கரையிலிருந்து ஒரு பிடி மணல் எடுத்துவாருங்கள். காசிக்குப் போகிறவர்கள் சேது மணலைக் கொண்டுபோய்க் கங்கையில் கரைப்பது வழக்கம். அடுத்து அவரையும் கூட்டிக்கொண்டு காசிக்கு எப்போது டிக்கெட் போடுவது என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடும், உங்கள் தனிப்பயணத்தை யாரும் கிளற மாட்டார்கள்.